ஹவானாவில் ஒரு பால்கனி

ஹவானாவுக்குப் போய்விட்டு வந்தவனிடம், "அங்கே என்ன பார்த்தாய்?" என்று யாரும் கேட்பதில்லை. "படம் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் மேல் குற்றம் இல்லை. உலகத்தில் சில நகரங்களை, நாம் நேரில் பார்ப்பதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுகிறோம். கியூபாவின் தலைநகரமான ஹவானா அந்த ஜாதியைச் சேர்ந்தது. வண்ணம் உரிந்த சுவர்கள், தூண்கள் வரிசையாக நிற்கும் நடைபாதைகள், மாடியிலிருந்து மாடிக்குக் கொடி கட்டி உலர்த்திய துணிகள், 1950-களின் அமெரிக்கக் கார்கள், சுருட்டும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கிழவர். இவற்றையெல்லாம் நாட்காட்டிகளிலும் ஹோட்டல் சுவர்களிலும் பார்த்துப் பார்த்து நம் கண் தேர்ச்சி அடைந்துவிட்டது. போகிற பிரயாணம், படத்தைச் சரிபார்த்து வருவதற்கான பிரயாணம்தான்.

நானும் அப்படிச் சரிபார்க்கத்தான் போனேன். 2019 டிசம்பரில், டொராண்டோவில் இருக்கும் என் பழைய நண்பர் ஒருவர் அழைத்தார். அவர் வேலை கணக்கு எழுதுவது, உயிர் காமிராவில். கனடாவிலிருந்து ஹவானா நான்கு மணி நேர விமானப் பயணத்துக்கும் குறைவு. "நீங்கள் எழுத்தாளர், நான் படம் எடுப்பவன். இரண்டு பேரும் ஒரு ஊரை ஒன்றாகப் பார்ப்போம், ஸார்" என்றார். அந்த வாக்கியத்தில் இருந்த ஆசையை நான் மறுக்கவில்லை. எனக்கும் ஒரு சின்னக் காமிராவைக் கையில் கொடுத்துவிட்டார்.

சரியான சமயத்தில்தான் போயிருந்தோம். 1519 நவம்பர் 16 அன்று ஹவானா நிறுவப்பட்டதாகக் கணக்கு வைத்து, அந்த ஆண்டு நகரம் தன் ஐந்நூறாவது ஆண்டைக் கொண்டாடியிருந்தது. 1929-ல் கட்டி முடித்த காபிடோலியோ மாளிகையின் கோபுரத்துக்கு, ருஷ்ய உதவியுடன் புதிதாகத் தங்கம் பூசியிருந்தார்கள். காலை வெயிலில் அந்தக் கோபுரம் தகதகவென்று மின்னியது. என் நண்பர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "புதுசு, ஸார். பத்து நிமிஷம் உள்ளே நடந்து போனால் நமக்கு வேண்டியது கிடைக்கும்" என்றார்.

நமக்கு வேண்டியது! அந்தச் சொல் பிறகு பல நாள் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

பத்து நிமிஷம் நடந்ததும் அது கிடைக்கத்தான் செய்தது. மத்திய ஹவானாவின் குறுகிய தெருக்களில் நடக்கும்போது கண் தன் வசம் இருப்பதில்லை. ஒரு சுவர், அடியில் நீலம். அதன் மேல் ரோஜா நிறம். அதற்கும் மேல் எலுமிச்சம்பழப் பச்சை. மேலே பூசிய பூச்சு உதிர உதிர அடியில் இருப்பது வெளியே வருகிறது. முன்னால் இருந்த தலைமுறைகள் என்ன நிறத்தில் வாழ ஆசைப்பட்டன என்பதை அந்தச் சுவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜன்னல்களுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் நீலமும் கலந்த கண்ணாடிகள். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அட்டை. மூன்றாவது நாள் முடிவில் என் சின்னக் காமிராவிலேயே நானூறு படங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றுகூட அசிங்கமாக விழவில்லை. அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் தட்டியது. காமிரா பிடிக்கத் தெரியாத ஒருவன் எடுத்த நானூறு படங்களும் அழகாக இருக்கின்றன என்றால், அந்த அழகுக்கு யார் கூலி கொடுத்தார்கள்?

அந்த அழகு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். முதல் காரணம் கடல். 1901-ல் தொடங்கிப் பல பத்தாண்டுகளாகக் கட்டிய மலேகோன் என்ற கடற்கரைச் சாலை சுமார் 8 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காற்று எழும்பும்போது அலை சுவரைத் தாண்டிச் சாலையில் வந்து விழுகிறது. உப்பு, சுண்ணாம்பையும் தின்கிறது. காரைக்குள் இருக்கும் இரும்பையும் தின்கிறது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கிறது. பருத்தால் காரை வெடிக்கிறது. வெடித்த இடத்தில் மறுபடியும் உப்பு இறங்குகிறது.

இரண்டாவது காரணம் மனிதர்கள். அல்லது மனிதர்கள் செய்த சட்டங்கள். 1960-ல் வந்த நகர்ப்புறச் சீர்திருத்தச் சட்டம் வாடகைக் குடித்தனக்காரர்களை வீட்டுச் சொந்தக்காரர்களாக்கியது. மாதம் பிறந்தால் வாடகைக்குப் பயந்து கிடந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பதை, வாடகை வீட்டில் காலம் தள்ளிய எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அறை சொந்தமாயிற்றே தவிர, எல்லோருக்கும் பொதுவான கூரையும் மாடிப்படியும் யாருடையவை என்பதற்கு விடை கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் ஒரு பிரபுவின் குடும்பம் இருந்த மாளிகையில் இருபது குடும்பங்கள். பதினைந்து அடி உயர அறையைக் குறுக்கே பலகை அடித்து, மேலே ஒரு பரண் போட்டு இரண்டாக்கினார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் அவனுக்கு ஓர் அறை வேண்டாமா? அந்தப் பரணின் பாரத்தையும் பழைய சுவரே சுமந்தது. 1962-லிருந்து அமெரிக்காவின் வர்த்தகத் தடை. புரட்சி அரசாங்கத்தின் கவனம் தலைநகரத்தைவிடக் கிராமங்களின் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்தது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தபோது சிமெண்டும் பெயிண்டும் மட்டுமல்ல, சோறே அரிதாயிற்று. சுவரின் மூன்று வண்ணங்கள் இப்படி வந்தவை. படம் எடுக்கிறவன் இதையெல்லாம் ஒரே கிளிக்கில் பெற்றுக்கொள்கிறான்.

நாலாவது நாள் ஒரு பழைய காரை வாடகைக்கு அமர்த்தினோம். 1952-ஆம் வருஷத்துச் செவ்ரோலே. கிளிப்பச்சையும் வெள்ளையுமாக, அலங்கரித்த யானை மாதிரி வந்து நின்றது. ஓட்டுபவருக்கு ஐம்பது வயசு இருக்கும். கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார். அவர் பேசாததை நண்பரின் அரைகுறை ஸ்பானிஷ் ஈடு செய்தது. நண்பர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். ஓட்டுநர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "இதை எல்லோரும் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது இங்கே இருக்கிறது" என்று சொல்லி முன்பக்கத்து மூடியைத் தூக்கினார்.

உள்ளே இருந்தது அமெரிக்க எஞ்சின் அல்ல. ஏதோ ஒரு ஜப்பானிய லாரியின் டீசல் எஞ்சின். பிரேக்கின் பாகங்கள் ருஷ்யாவின் லாடாக் காரிலிருந்து வந்தவை. தண்ணீர்க் குழாய் ஒன்று, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுகிற ரப்பர்க் குழாயை வெட்டிச் செய்தது. கிடைக்காத திருகாணிகளை அவரே கடைந்து கொண்டாராம். தன் தகப்பனார் மாற்றியவை எவை, தான் மாற்றியவை எவை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். ஒரு பரம்பரையின் கதை அந்த மூடிக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. நண்பர் மரியாதைக்கு ஒரு படம் எடுத்தார். சாயங்காலம் அறைக்கு வந்து காமிராவைத் திறந்தவர், "வெறும் கறுப்பு, ஸார். ஒன்றும் தெரியவில்லை" என்றார்.

நான் படித்தது கொஞ்சம். ஆனாலும் புஸ்தகத்தைப் பார்த்தால் கை நீளுகிற வியாதி உண்டு. ஊருக்குத் திரும்பியதும், ஹவானாவை நமக்கு முன்னால் படம் எடுத்தவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் பிரயாணம் அதற்கு முன்னுரை.

முதலில் வாக்கர் எவன்ஸ். இந்த அமெரிக்கர் 1933 மே, ஜூன் மாதங்களில் ஹவானாவில் சில வாரங்கள் இருந்தார். மச்சாதோ என்ற சர்வாதிகாரியின் கடைசிக் காலம் அது. ஆகஸ்டில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. அந்தக் கொடுங்கோன்மையைப் பற்றிக் கார்ல்டன் பீல்ஸ் எழுதிய புஸ்தகத்துக்காகப் படம் எடுக்கப் போனவர் எவன்ஸ். உரையின் நடுவே விளக்கப் படங்களாகச் செருகாமல், தன் படங்கள் தனித்து நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவற்றில் ஒன்று புகழ் பெற்றது. பத்திரிகைக் கடைக்கு முன்னால் ஒரு கறுப்பு மனிதர் நிற்கிறார். அப்பழுக்கில்லாத வெள்ளை உடுப்பு, கறுப்பு டை, வைக்கோல் தொப்பி. பார்வை நம்மைத் தாண்டி வேறு எங்கோ, எச்சரிக்கையாகப் போகிறது. அந்த மனிதரை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இவர் யாருக்காகக் காத்திருக்கிறார், அந்த வெள்ளை உடுப்பை யார் தோய்த்து இஸ்திரி போட்டார்கள், எதற்காக இத்தனை ஜாக்கிரதை என்று கேள்விகள்தான் வருகின்றன. நல்ல சிறுகதையின் முதல் பாராவைப் படித்ததுபோல் இருக்கிறது. தெருவின் அழகும் அங்கே இருக்கிறது. ஆனால் மனிதரை அது விழுங்கவில்லை.

அடுத்தவர் ராபர்ட் பொலிதோரி, கனடாவில் பிறந்தவர். 2001-ல் வெளிவந்த அவருடைய ஹவானாப் புஸ்தகம்தான், இன்றைக்கு உலகம் முழுதும் பரவியிருக்கிற ஹவானாவுக்கு ஒரு முக்கியமான மூலம் என்று சொல்லலாம். பெரிய காமிராவை முக்காலியில் நிறுத்தி, பொறுமையாக வெளிச்சத்தை உள்ளே வாங்கி எடுத்த படங்கள். பழைய சீமான்களின் கூடங்கள், உரிந்த சுவர்கள், கால் ஒடிந்த பிரம்பு நாற்காலி, மேலே இன்னும் தொங்குகிற சரவிளக்கு. தொழில் திறமையில் ஒரு குறை சொல்ல முடியாது. சுவரில் இருக்கிற ஈரத்தைத் தொட்டுப் பார்க்கலாம் போல் இருக்கும். ஆனால் பல படங்களில் மனிதர்கள் இல்லை. கட்டில் இருக்கிறது, படுத்தவர் இல்லை. தட்டு இருக்கிறது, சாப்பிட்டவர் இல்லை.

இதே பொலிதோரி வெர்சேய் அரண்மனையைப் படம் எடுத்திருக்கிறார்; அணு உலை வெடித்த செர்னோபிலின் கைவிடப்பட்ட பள்ளிக்கூடங்களை எடுத்திருக்கிறார்; 2005-ல் வெள்ளத்தில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் வீடுகளை எடுத்திருக்கிறார். வெர்சேயில் இருந்த ராஜா போய்விட்டான். செர்னோபிலில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் வெள்ளத்துக்குப் பயந்து ஓடினார்கள். அங்கெல்லாம் ஆளில்லாத அறை உண்மை. ஹவானாவில் மட்டும் அது உண்மையல்ல. அங்கே வீட்டுக்காரி பக்கத்து அறையில் நின்று, இவர் படம் எடுத்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருப்பாள். இடிபாடு என்றால் மக்கள் விட்டுப்போன இடம் என்று நம் மனசில் ஒரு எண்ணம் இருக்கிறது. ஹம்பியைப் பார்க்கிற கண்ணால், ஜனங்கள் குடியிருக்கிற வீட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது இந்தப் படங்களின் தோஷம் என்பது என் அபிப்பிராயம்.

1999-ல் விம் வெண்டர்ஸ் எடுத்த 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' என்ற ஆவணப் படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மறக்கப்பட்ட கியூபாவின் பழைய பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் பற்றியது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர்களுடைய இசைத்தட்டு வெளிவந்து உலகத்தைக் கிறங்க அடித்திருந்தது. இந்தப் படத்திலும் உரிந்த சுவர்களும் பழைய கார்களும் தாராளமாக வருகின்றன. எத்தனையோ பேரை ஹவானாவுக்கு விமானம் ஏற வைத்ததும் இதுதான். ஆனால் ஒரு வித்தியாசம். எண்பது வயசை நெருங்கிய ரூபேன் கொன்ஸாலெஸ் ஒரு பழைய மண்டபத்தில் பியானோ வாசிக்கிறார். அதே மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். மண்டபம் பழசு, விரல்கள் பழசல்ல, பிள்ளைகள் புதுசு. இடிபாட்டுக்குள் ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது. காரியம் நடக்கிற இடத்தை இடிபாடு என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

படத்தின் விளிம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கியூபாவிலிருந்து வந்த படங்களிலேயே மிகவும் பிரசித்தமானது ஆல்பர்ட்டோ கோர்தா 1960 மார்ச் 5 அன்று எடுத்த சே குவேராவின் முகம். துறைமுகத்தில் வெடித்த கப்பலில் இறந்தவர்களுக்காக நடந்த இரங்கல் கூட்டம் அது. அசல் படத்தில் ஒரு பக்கம் இன்னொரு மனிதரின் பக்கவாட்டு முகமும், மறு பக்கம் பனை ஓலைகளும் இருக்கின்றன. அவற்றை வெட்டி எறிந்த பிறகுதான் அந்த முகம் பனியன்களில் ஏறி உலகம் சுற்றியது. துக்கத்துக்கு வந்த மனிதர், துக்கம் இல்லாத வீரராகிவிட்டார். எதைப் படத்துக்குள் வைக்கிறோம் என்பதைவிட, எதை வெட்டுகிறோம் என்பதில்தான் படம் எடுப்பவனின் தர்மம் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கும் இதே கத்தரிக்கோல்தான்.

ஹவானா வாசிகளே இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர், அலெஹோ கார்பெந்தியேர், சின்ன வயசில் கட்டடக் கலை படிக்கத் தொடங்கி நாவலாசிரியரானவர். ஹவானாவைத் தூண்களின் நகரம் என்று பெயரிட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பாவ்லோ காஸ்பரினியின் படங்களோடு அது 1970-ல் புஸ்தகமாயிற்று. அவருக்குத் தூண் அலங்காரம் அல்ல. வெயிலுக்குப் பயந்து நடக்கிறவனுக்கு நிழல். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் தலையில் வெயில் படாமல் நடக்கச் செய்கிற ஏற்பாடு. உபயோகத்தை அறிந்தவனுடைய ரஸனை அது. அதற்குப் பிந்திய தலைமுறையைச் சேர்ந்த அந்தோனியோ ஹோஸே போன்தே என்ற எழுத்தாளரோ, தன்னை இடிபாட்டு சாஸ்திரி என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டவர். விழ வேண்டிய கட்டடங்கள் ஏன் இன்னும் விழாமல் நிற்கின்றன என்பதிலிருந்து அவர் கதை கிளம்புகிறது. பௌதிக விதியை மீறிய அற்புதத்தால் நிற்கின்றன என்று ஹவானாவில் ஒரு கசப்பான ஹாஸ்யம் உண்டு. வெளியூர்க்காரன் அழகு என்பதை உள்ளூர்க்காரன் அற்புதம் என்கிறான். இரண்டும் ஒன்றல்ல. அழகு நாளைக்கும் இருக்கும் என்று நினைக்கலாம். அற்புதத்தை நம்பி மாடிப்படி ஏற முடியாது.

சரி, செப்பனிட்டால் தீர்ந்ததா? 1967-லிருந்து நகரத்தின் சரித்திர அலுவலகத்தை நடத்தி, 2020-ல் காலமான எவுசெபியோ லெயால் என்பவர் அதற்காகவே வாழ்ந்தார். பழைய ஹவானாவை 1982-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. 1990-களில் சுற்றுலா ஹோட்டல்களின் வருமானத்தைக் கொண்டே சதுக்கங்களைப் புதுப்பிக்கிற ஒரு திட்டத்தை அவர் நடத்திக் காட்டினார். பழைய சதுக்கம் என்ற இடத்தில் நானும் ஒரு காலை வேளையில் காப்பி குடித்தேன். எல்லாம் துப்புரவாக, பொம்மைக் கொலு மாதிரி இருந்தது. நண்பருக்கு அங்கே பிடிக்கவில்லை. "உயிர் இல்லை, ஸார்" என்றார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் அந்தச் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்த்தேன். அவர்கள் தலைக்கு மேலே இருந்த பால்கனி கெட்டியான பால்கனி. உயிர் என்று நாம் எதைச் சொல்கிறோம்?

மத்திய ஹவானாவில் ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில் ஒரு பெயர் பெற்ற உணவு விடுதி இருந்தது. 1993-ல் வந்த 'ஸ்டிராபெரியும் சாக்லேட்டும்' என்ற கியூபப் படத்தை அங்கேதான் எடுத்தார்கள். தன் நகரத்தை உயிராக நேசிக்கிற ஒருவன், கடைசியில் அந்த நகரத்தைவிட்டே போக நேர்கிற கதை. விடுதிக்குப் போகிற வழியில் பளிங்குப் படிக்கட்டு; தலை இல்லாத ஒரு சிலை; நடு மாடியில் தூண்களுக்கு நடுவே கொடியில் துணி உலர்த்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்தத் துணிகளைப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். யாருடைய துணி என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் மேலே போய்ச் சாப்பிட்டோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். கடைசி நாளன்று நான் ஒரு பால்கனியைப் படம் எடுத்தேன். இரண்டாவது மாடி, மூன்று வண்ணச் சுவர், துருவேறிய இரும்புக் கம்பி வேலைப்பாடு, அதில் சாய்ந்துகொண்டு மஞ்சள் உடுப்பில் ஒரு வயசான அம்மாள். நான் காமிராவைத் தூக்கியதும் அவள் கையை உயர்த்தினாள். வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து நானும் கையை உயர்த்தினேன். நண்பரே, "இந்தப் பயணத்திலேயே இதுதான் ஸார் படம்" என்று பாராட்டினார். ஊருக்கு வந்து பெரிதாக அச்சுப் போட்டு, திருநெல்வேலியில் என் அக்காளுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"ஏல, இந்தக் கம்பி இத்துப் போயில்லா இருக்கு. இதுல போய் சாஞ்சுக்கிட்டு நிக்காளே அந்தப் பொம்பளை! விழுந்திர மாட்டாளா?"

"அதை விடு அக்கா. அந்தச் சுவரோட வண்ணத்தைப் பாரு."

"வண்ணத்தைப் பார்த்துட்டேன். கையைக் காட்டுதாளே, எடுக்க வேண்டாங்காளா?"

"இல்லை, வணக்கம் சொல்லுதா."

"நீ கண்டே!" என்றாள் அக்கா. பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். எங்கள் பழைய வீடு மழைக்கு ஒழுகுகிறதை வைத்து, முப்பது வயசில் நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். ஓட்டு வழியே இறங்குகிற மழைத்துளியின் சப்தத்தை வர்ணித்த இடத்தைப் பலர் புகழ்ந்தார்கள். எனக்கும் அந்தப் பக்கங்கள் மேல் ஒரு கர்வம் உண்டு. "மழையை எழுதினது நீ. ஒழுக்குக்குப் பாத்திரம் வச்சது நானும் அம்மையும்" என்றாள் அக்கா. குற்றமாகச் சொல்லவில்லை, நினைவாகத்தான் சொன்னாள். அந்த நாவலைப் பற்றி வந்த எந்த மதிப்புரையும் என்னை அப்படித் தைக்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து அந்தச் செய்தி வந்தது. 2020 ஜனவரி 27 அன்று, பழைய ஹவானாவின் ஹெஸுஸ் மரியா பகுதியில் ஒரு கட்டடத்தின் பால்கனி இடிந்து விழுந்து மூன்று பள்ளிச் சிறுமிகள் இறந்துபோனார்கள். நான் படம் எடுத்த தெரு அதுவல்ல. ஆனால் அந்த மாதிரித் தெரு. பெரிய அச்சுப் படத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது வரையில் நான் பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. பால்கனிக்கு அடியில் காரை பெயர்ந்து, கறுத்த இரும்பு வெளியே தெரிந்தது. அதைத்தான் நான் நிழலின் அழகு என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் இடிந்த வீட்டைப் படம் எடுக்கவே கூடாதா, ஏழையின் வீட்டை எழுதவே கூடாதா என்று வாசகர் கேட்கலாம். அப்படி நான் சொல்ல மாட்டேன். படமும் எழுத்தும் இல்லாவிட்டால் மிஞ்சுவது அரசாங்கத்தின் விளம்பரமும் ஹோட்டல்காரர்களின் விளம்பரமும்தான். இரண்டிலும் பால்கனிகள் விழுவதில்லை. அழகைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதும் என் கட்சி அல்ல. அந்த மூன்று வண்ணச் சுவர் அழகுதான். அங்கே குடியிருக்கிறவர்களும் அதை அறிவார்கள். இல்லாவிட்டால் அத்தனை வறுமையிலும் அந்தப் பால்கனியில் ஒரு பூந்தொட்டி வைத்திருக்க மாட்டாள் அந்த அம்மாள்.

நான் கேட்பது ஒன்றுதான். அழகைப் பார்த்ததும் நம் கேள்வி நின்றுபோகிறதா, அங்கிருந்து தொடங்குகிறதா? எவன்ஸின் வெள்ளை உடுப்புக்காரரைப் பார்த்தால் தொடங்குகிறது. பொலிதோரியின் கூடத்தைப் பார்த்தால் 'ஆகா' என்பதோடு நின்றுவிடுகிறது. என் நாவலில் அந்த மழைத்துளியோடு நின்றுவிட்டது. பாத்திரம் வைத்தவர்கள் வரையில் போகவில்லை. என் அக்கா எந்தப் படப் புஸ்தகத்தையும் பார்த்தவள் அல்ல. ஆனால் விழுந்திர மாட்டாளா என்று அவள் கேட்டதைவிடக் கண்டிப்பான விமர்சனத்தை இந்த விஷயத்தில் நான் படித்ததில்லை.

இந்தக் கட்டுரையோடு வெளியிட ஒரு படம் வேண்டும் என்று பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். பால்கனிப் படத்தைக் கொடுக்க மனசு வரவில்லை. டொராண்டோ நண்பருக்கு எழுதி, அந்தச் செவ்ரோலேயின் எஞ்சின் படத்தை அனுப்பும்படி கேட்டேன். அதை அன்று ராத்திரியே அழித்துவிட்டதாகப் பதில் வந்தது.